நெல்வயலில் ஒரு சமுதாயம்



தஞ்சை வயல்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் நெல்லைப் பற்றியே பேசுவர். நான் இன்று, நெல்லோடு கூடி வாழும் பிற உயிர்களைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். அவற்றுள் ஒன்று நெல்மணியைவிடச் சிறியது. ஆயினும் ஒரு போகத்து உழைப்பையே சில நாள்களில் அழிக்க வல்லது. அதன் பெயர் புகையான்.

முதலில் வயலை நோக்குவோம். காவிரி பாயும் நன்செயில் சில திங்கள் நீர் நிற்கும்; கோடையில் மண் பாளம் பாளமாக வெடிக்கும். இவ்விரண்டிற்கும் ஈடுகொடுக்கும் உயிர்களே அங்கு நிலைக்கும். நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றறைகள் உண்டு. இலை வழியே புகும் காற்று, அவற்றின் வழியாகச் சேற்றில் புதைந்த வேரை எட்டுகிறது. வயல் நத்தையோ, நீர் வற்றியதும் மண்ணுக்குள் புகுந்து, ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு, அடுத்த நீர்வரவுக்குக் காத்துக் கிடக்கிறது.

போட்டிக்கும் அங்கே குறைவில்லை. குதிரைவாலி இனத்துக் களைப்புல் இளமையில் நெல்லைப் போலவே தோன்றும். களை எடுப்போர் வேறுபட்டுத் தெரியும் செடியைப் பிடுங்குகின்றனர். நெல்லை ஒத்தது தப்பி விதை உதிர்க்கிறது. தலைமுறை தலைமுறையாக இவ்வாறு நிகழ்ந்தமையால், களை எடுப்பவரின் கண்ணே அக்களைக்கு நெல்லின் சாயலை அளித்துவிட்டது. டார்வின் கூறிய தேர்வு நம் வரப்போரத்திலும் நடைபெறுகிறது என்று அறியுங்கள்.

இனிப் புகையானுக்கு வருவோம். அது தூரின் அடியில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே அமர்ந்து சாற்றை உறிஞ்சும். பயிர் வட்டம் வட்டமாகத் தீய்ந்து போகும். உணவு மிகுந்துள்ளபோது, பெண் பூச்சிகளுள் பல குட்டைச் சிறகுடன் வளர்ந்து, அங்கேயே தங்கி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். கூட்டம் பெருகிப் பயிர் வாடினாலோ, நீண்ட சிறகுள்ளவை தோன்றி வேறு வயலுக்குப் பறந்துவிடும்.

இத்தகைய பூச்சியைத் தடுத்து நிறுத்துவோர் யார்? அதைப் பிடித்துத் தின்னும் சிலந்திகளும், அதன் முட்டையை உறிஞ்சும் பச்சை நாவாய்ப்பூச்சிகளுமே. இவை இருக்கும்வரை புகையான் அளவோடு இருக்கும்.

1960-இல் தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் தொடங்கியது. உரமும் பூச்சிமருந்தும் புதிய நெல் இரகங்களும் வந்தன, விளைச்சலும் உயர்ந்தது. அதை நாம் குறைத்து மதிக்கலாகாது. ஆனால் 1970-களில் ஆசிய நாடுகள் பலவற்றில், மருந்து மிகுதியாகத் தெளித்த வயல்களிலேயே புகையான் பெருகக் கண்டனர். காரணம் எளிது. மருந்து சிலந்தியைக் கொன்றது. இலையுறைக்குள் பதிந்திருந்த புகையான் முட்டைகளைக் கொல்லவில்லை. பொரித்து வந்த குஞ்சுகளுக்குப் பகைவர் இல்லாத வயல் கிட்டியது.

எதிர்ப்புத் திறனுள்ள இரகத்தால் மட்டும் சிக்கல் தீர்ந்ததா? 1973-இல் வெளியான ஐ.ஆர். 26 என்னும் நெல்லை உண்ணவல்ல புகையான் வகை சில ஆண்டுகளுக்குள்ளேயே தலைதூக்கியது. 1986-இல் இந்தோனேசிய அரசு, நெல்லுக்குத் தெளித்து வந்த 57 மருந்துகளைத் தடைசெய்து, வயலில் உள்ள நன்மைதரும் பூச்சிகளைக் காக்கும் முறையை உழவர்க்குக் கற்பித்தது.

நம் நாட்டிலும் அக்கணக்கு வேளாண்மைப் பரிந்துரைகளில் இடம்பெற்றுள்ளது. சிலந்தி இல்லாத வயலில், ஒரு சிம்புக்கு ஒரு புகையான் இருந்தாலே மருந்தடிக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், சிம்புக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். அந்த ஒரு சிலந்தியின் வேலை அவ்வளவு மதிப்புடையது! தழைச்சத்தை அளவோடு இடுவதும், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவதும் புகையானைக் குறைக்கும்.

ஆதலால், மாணவர்களே, விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது வயலில் இறங்கி, பத்துக் குத்துகளை விலக்கிப் பாருங்கள். புகையானை எண்ணுங்கள், சிலந்தியையும் எண்ணுங்கள். தெளிப்பான் தோளில் ஏறுமுன் இரு எண்களையும் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.