பாலருடைய உறக்கமும் கவனமும்
(விருத்தாசலத்தில் நமது சங்க அங்கத்தினர் குடும்பங்களுடன் கூடியிருந்த சபையில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நம் வீடுகளில் தினந்தோறும் கேட்கப்படுவதேயாம். “பையன் புத்தியுள்ளவன், ஆனால் ஒரு கணம் ஓரிடத்தில் இரான், புஸ்தகத்தைத் திறந்தால் மனம் எங்கேயோ ஓடிவிடுகிறது” என்று முறையிடாத தந்தையர் சிலரே. இதன்பொருட்டுக் கொளஞ்சியப்பர் சந்நிதியில் பிராது கட்டுவோரும் இருக்கக்கூடும். தெய்வத்தினிடம் முறையிடுவதை நாம் குறை கூறோம். ஆயினும், அப்பிள்ளை இரவில் எவ்வாறு உறங்குகிறான் என்பதை எவரும் அப்பிராதில் எழுதுவதில்லை.

இத்தகைய குணங்கள் 12 வயதுக்கு முன்னரே தோன்றி, ஆறு மாதத்துக்குக் குறையாமல் நீடித்து, வீடு, பள்ளி ஆகிய ஈரிடத்தும் காணப்பட்டு இடையூறு செய்யுமாயின், வைத்தியர் அதனை ஏ.டி.ஹெச்.டி. என்பர், கவனக் குறைவும் மிகைச் சுறுசுறுப்பும் என்பது அதன் பொருள். இரண்டில் ஒன்று மட்டும் மிகுந்திருத்தலும் உண்டு. இஃது இக்காலத்தார் கற்பனையன்று. 1902-ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் ஸ்டில் என்னும் பாலவைத்தியர் லண்டனில் இத்தகைய பிள்ளைகளைக் குறித்து உபந்நியாசங்கள் செய்துள்ளார். நம் கோயம்புத்தூரில் 6 முதல் 11 வயது வரையுள்ள 770 பிள்ளைகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட கட்டுரையில், நூற்றுக்குச் சற்றேறக்குறைய 11 பேரிடம் இக்கோளாறு கண்டதாகக் கூறப்பட்டுள்ளது.

நிற்க. உறக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் யாது? உறக்கம் குறைந்த பெரியவர் சோர்ந்து சாய்கிறார், உறக்கம் குறைந்த குழந்தையோ பெரும்பாலும் சோராது, துள்ளும், சீறும், சொன்னதை மறக்கும். பார்ப்பவர்க்கு அது ஏ.டி.ஹெச்.டி. போலவே தோன்றும். மறுபுறம், மெய்யாகவே அக்கோளாறு உள்ள பிள்ளைகளில் பலர்க்கு உடலின் உள்கடிகாரம் பிந்தி ஓடுகிறது. உறக்கத்தை அழைக்கும் மெலடோனின் என்னும் சுரப்பு அவர்க்குத் தாமதித்தே எழுகிறது. பத்து மணிக்குப் படுத்தும் நள்ளிரவு வரை புரளும் சிறுவனை, வேண்டுமென்றே விழித்திருக்கிறான் என்று அடிப்பது எவ்வளவு அநியாயம்!

வேறு காரணங்களும் உள. தொண்டைச் சதை வளர்ந்து, குறட்டை விட்டு, இரவெல்லாம் மூச்சுத் தடைப்படும் குழந்தைகள் உண்டு. அமெரிக்காவில் 464 குழந்தைகளிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட பரிசோதனையில், சத்திரசிகிச்சைக்குப் பின் உறக்கமும், பெற்றோர் கண்ட நடத்தையும் திருந்தின. ஆனால் கவனத்தை அளந்த சோதனைகளில் சொல்லத்தக்க வேற்றுமை தோன்றவில்லை. ஆகையால் கத்தி ஒன்றே எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நம்பற்க. இரும்புச் சத்துக் குறைவினால் படுத்தவுடன் காலில் ஓர் அமைதியின்மை எழுந்து உறக்கத்தைக் கெடுப்பதும் உண்டு. 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவருள் நூற்றுக்கு 67 பேர் இரத்தசோகையுடையோர் என்றால், இதனை அற்பமென ஒதுக்கலாகாது.

இனி, நம்மவர்க்குச் சற்றுக் கசப்பான விஷயத்துக்கு வருவோம். விடியற்காலை நான்கு மணிக்குப் பிள்ளையை எழுப்பிப் படிக்க வைப்பதை நாம் பெருமையாகக் கொண்டாடி வருகிறோம். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் வேண்டும் என்பது உறக்க வைத்தியர் 2016-இல் வகுத்த அளவு. வீட்டில் பெரியவர் விழித்திருக்கப் பதினொரு மணிக்குப் படுத்தவனை நான்குக்கு எழுப்பினால் அவனுக்குக் கிடைப்பது ஐந்தே மணி. அன்றியும், குமரப் பருவத்தில் உள்கடிகாரம் இயல்பாகவே பிந்துகிறது. இதுபற்றியே, பள்ளிகள் 8.30-க்கு முன் தொடங்கலாகாதென அமெரிக்கப் பாலவைத்தியர் சங்கம் 2014-இல் கூறியது. பகலில் கற்றது உறக்கத்திலேதான் நினைவில் நிலைபெறுகிறது. சூளை ஆறுமுன் பீங்கானை வெளியே இழுத்தால் வெடிக்குமென்பதை இவ்வூர்த் தொழிலாளர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஒன்பதுக்கே படுத்து நான்குக்கு எழும் வீட்டைப்பற்றி நமக்கு அவ்வளவு வழக்கில்லை. அத்தகைய வீடுகள் எத்தனை என்பதைச் சபையோரே அறிவர்.

“இவனுக்குப் படிப்பு ஏறாது” என்று சொல்லிப் பள்ளியை நிறுத்திப் பட்டறைக்கு அனுப்புமுன், இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்துப் பாருங்கள்: படுத்த நேரம், உறங்கிய நேரம், விழித்த நேரம், குறட்டை, மாலையில் குடித்த டீ, படுக்கையில் பார்த்த கைப்பேசி. பெண்மக்களுக்கும் குறியுங்கள், ஓடாமல் ஆடாமல் கனவிலிருப்பவள்போல் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கவனக் குறைவு பெரும்பாலும் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. உறக்கம் சீர்ப்பட்டும் குணம் மாறாவிடில், நோட்டுடன் குழந்தை வைத்தியரிடமோ மனநல வைத்தியரிடமோ செல்க. புதுச்சேரி ஜிப்மர் நமக்குத் தூரமன்று. 14416 என்னும் டெலி-மானஸ் எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம். வைத்தியர் மெத்தில்பெனிடேட் போன்ற மருந்து எழுதினால் அஞ்சவேண்டா. ஆயின் காலையில் கொடுக்கச் சொன்னதை மறந்துபோய் மாலையில் கொடுக்கலாகாது. அன்றிரவு உறக்கம் கெடக்கூடும்.