பால் பாக்கெட் வாங்கப் போற தூரம்

போன எபிசோட்ல தூக்கத்தைப் பத்திப் பேசினதுக்கு அப்புறம் நிறைய பேர் குரல் பதிவு அனுப்பியிருந்தீங்க. அதுல பாதிப் பேர் கேட்டது ஒண்ணுதான்: "உடற்பயிற்சி பத்திப் பேசுங்க, ஆனா ஜிம்ல சேருங்கன்னு மட்டும் சொல்லாதீங்க." சரி, சொல்லல. ஜிம்முக்குப் போறவங்க தாராளமாப் போங்க. இந்த எபிசோட், காலையில ஒன்பதுக்கு உட்கார்ந்தா சாயங்காலம் வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாதவங்களுக்கு.

நான் இருக்கறது சேலம் ஃபேர்லேண்ட்ஸ். பக்கத்துலயே அஞ்சு ரோடு, கொஞ்சம் தள்ளி புது பஸ் ஸ்டாண்டு. மருந்துக்கடை, டெய்லர், பேக்கரி, கிளினிக், எல்லாமே ஒரு கிலோமீட்டருக்குள்ள கிடைக்கற ஏரியா. நடக்கறதுக்குன்னே அளவெடுத்துக் கட்டின மாதிரி இருக்கும். ஆனா யாரும் நடக்கறதில்ல. பால் பாக்கெட் வாங்கப் போனாலும் வண்டிதான். நான் நாலு நாள் தொடர்ந்து கடைக்கு நடந்து போனேன். எதிர்வீட்டு அக்கா கேட்டாங்க, "என்ன தம்பி, வண்டி ரிப்பேரா?" நம்ம ஊர்ல நடக்கறவனுக்கு ஒரு காரணம் வேணும்!

இதை நான் இப்ப தீவிரமா யோசிக்க ஆரம்பிச்சதுக்குக் காரணம் எங்க அம்மா. போன வருஷம் ரத்தப் பரிசோதனை பண்ணினப்போ "சுகர் பார்டர்ல இருக்கு, தினமும் நடங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அவ்வளவுதான் சீட்டுல இருந்தது. எங்க நடக்கறது, எப்போ நடக்கறதுன்னு அதுல இல்ல.

இந்த 'பார்டர்'ங்கற வார்த்தையைக் கேட்டதும் நம்மள்ல பல பேர் நிம்மதி ஆயிடறோம், "இன்னும் வரல இல்ல"ன்னு. சென்னையில டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில நடந்த ஒரு ஆய்வைப் படிச்சா அந்த நிம்மதி போயிடும். இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம்னு பேரு, 2006-ல முடிவுகள் வெளியாச்சு. பார்டர்ல இருந்த 531 பேரை எடுத்துக்கிட்டு நாலு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொண்ணுக்கு நடையும் சாப்பாட்டு மாற்றமும். மூணாவதுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நாலாவதுக்கு ரெண்டும். மூணு வருஷம் கழிச்சுப் பார்த்தா, வழக்கமான ஆலோசனைக் குழுவுல 55 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய் வந்துடுச்சு. நடை, சாப்பாட்டுக் குழுவுல 39.3. மாத்திரைக் குழுவுல 40.5. ரெண்டும் சேர்ந்த குழுவுல 39.5.

இன்னொரு தடவை சொல்றேன். பார்டர்ல இருக்கறவங்களுக்கு நடையும் சாப்பாடும் மாத்திரை அளவுக்கு வேலை செஞ்சிருக்கு. (ஏற்கனவே சர்க்கரை வந்து மாத்திரை போடறவங்க இதைக் கேட்டு நிறுத்திடாதீங்க, அது வேற கதை.)

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் வேற. அந்த ஆய்வுல ஏற்கனவே உடல் உழைப்பு இருக்கற வேலை பார்க்கறவங்க, தினமும் அரை மணி நேரத்துக்கு மேல நடந்தோ சைக்கிள்லயோ போறவங்க இருந்தாங்க. அவங்களைத் தனியா எக்சர்சைஸ் பண்ணச் சொல்லல, இதையே தொடருங்கன்னுதான் சொன்னாங்க. அதாவது வேலைக்குப் போற நடையும் நடைதான். ட்ராக் பேண்ட் போட்டாத்தான் கணக்குன்னு இல்ல.

உடம்புக்குள்ள நடக்கறது எளிமையான விஷயம். தசை சுருங்கும்போது, இன்சுலினைப் பெருசா நம்பாமலே ரத்தத்துல இருக்கற சர்க்கரையை உள்ளே இழுத்துக்கும். அதனாலதான் சாப்பிட்ட கையோட பத்துப் பதினஞ்சு நிமிஷம் நடந்தா சர்க்கரை எகிறறது குறையுது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிஷம்னு சொல்லுது. முன்னாடி "ஒரே மூச்சுல பத்து நிமிஷமாவது இருக்கணும்"னு ஒரு நிபந்தனை இருந்துச்சு. 2020 வழிகாட்டுதல்ல அதையும் எடுத்துட்டாங்க. மூணு மாடி ஏறினாலும் கணக்குல சேரும். வேகம் போதுமான்னு தெரிஞ்சுக்க ஃபோன் ஆப் எதுவும் வேண்டாம். நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் அளவு.

அந்த 10,000 ஸ்டெப்ஸ்? அது 1960-கள்ல ஜப்பான்ல ஒரு நடை எண்ணும் கருவியை விக்க வெச்ச பேர்ல இருந்து வந்தது. வாட்ச்ல 6,000 காட்டுதுன்னு ராத்திரி பதினொரு மணிக்கு ஹால்ல குறுக்கும் நெடுக்கும் நடக்கற நண்பர்களே, போய்த் தூங்குங்க.

"அந்தக் காலத்துல எல்லாரும் நடந்தாங்க, அதான் ஆரோக்கியமா இருந்தாங்க"ங்கற பேச்சை நான் நம்பறதில்ல. அம்மாபேட்டையில குழித்தறியில உட்கார்ந்து நாள் முழுக்க மிதிச்ச நெசவாளர் ஆரோக்கியத்துக்காக மிதிக்கல, கூலிக்காக மிதிச்சார். இடுப்பு வலியும் கூடவே வந்துச்சு. அந்த வாழ்க்கை திரும்ப வேண்டியதில்ல. ஆனா அதுல உடம்பு தானா அசைஞ்சது. இப்ப நாம யோசிச்சு அசைக்க வேண்டியிருக்கு, அது கஷ்டம்தான்.

பெண்களுக்கு இன்னும் கஷ்டம். 2024-ல லான்செட் குளோபல் ஹெல்த் இதழ்ல வந்த கணக்குப்படி, இந்தியாவுல போதுமான உடல் அசைவு இல்லாத பெண்கள் 57 சதவீதம், ஆண்கள் 42. "வீட்டு வேலை பூரா அவங்கதானே செய்யறாங்க, எப்படி?"ன்னு கேக்கலாம். குனிஞ்சு தரை துடைக்கறதும் கையால துணி துவைக்கறதும் கணக்குல வரும். ஆனா அடுப்பு முன்னாடி ரெண்டு மணி நேரம் நிக்கறது கால் வலிதான் தரும், மூச்சு வாங்க வைக்காது.

எங்க அம்மாவுக்குக் காலை ஆறு மணி டிஃபன் நேரம். சாயங்காலம் சாரதா காலேஜ் ரோட்டுப் பக்கம் போனா நடைபாதையில வண்டி நிக்கும், இறங்கி ரோட்டுல நடக்கணும். தெருவுக்குள்ள போனா நாய். ஏப்ரல், மே மாசம் சேலத்து வெயில் 40 டிகிரியைத் தொடும், பகல்ல பேச்சே இல்ல. இதுல "தினமும் நடங்க"ன்னா?

கடைசியில செஞ்சது இதுதான். காலை டிஃபனை நானும் அப்பாவும் எடுத்துக்கிட்டோம். எனக்கு அதுதான் இந்த மொத்த விஷயத்துலயும் பெரிய மாற்றம்னு தோணுது. ஏன்னா அம்மாவுக்குக் குறைஞ்சது மன உறுதி இல்ல, நாற்பது நிமிஷம். இப்ப ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்காவோட சேர்ந்து கிளம்பிடறாங்க. ரெண்டு பேரா போனா நாய் பயமும் குறைவு. ராத்திரி சாப்பிட்டுட்டு மொட்டை மாடியில எட்டு போட்டு நடக்கறாங்க. சித்திக்கு ஃபோன் அந்த நேரத்துலதான், உட்கார்ந்து பேசறதில்லன்னு அவங்களே வெச்சுக்கிட்ட சட்டம். கிண்டல் பண்ணினா, "நீ முதல்ல அந்த நாற்காலியை விட்டு எழுந்திரு கண்ணு"ங்கறாங்க.

நான் ஆஃபீஸ் கால் எல்லாத்தையும் நின்னு, நடந்து பேசறேன். டவுன் பஸ்ல போற நாள்ல ஒரு ஸ்டாப் முன்னாடி இறங்கறேன். கடைக்கு வண்டிச் சாவியை எடுக்கறதில்ல. அம்மாவுக்கு அடுத்த டெஸ்ட் வர்ற மாசம். ரிசல்ட் எப்படி வந்தாலும் அவங்க அனுமதியோட இங்க சொல்றேன்.

இந்த வாரம் உங்ககிட்ட ஒரு கேள்வி: உங்க வீட்டுல யாருக்கு நடக்க நேரம் இல்ல, அவங்க கையில இருக்கற எந்த வேலையை நீங்க வாங்கிக்கலாம்? குரல் பதிவா அனுப்புங்க, ஒரு நிமிஷத்துக்குள்ள. நடந்துக்கிட்டே பேசினாலும் பரவாயில்ல, மூச்சு வாங்கறதை எடிட் பண்ண மாட்டோம்.