கோடரிச் சத்தமும் ஒரு காசோலையும்

இன்னைக்கு நாம பேசப்போறது ஆலன் லோமாக்ஸ் பத்தி. நாடு நாடா போய் நாட்டுப்புறப் பாட்டுகளைப் பதிவு பண்ணின அமெரிக்கர்.

1933ல, 18 வயசுல, அப்பா ஜான் லோமாக்ஸோட கார்ல கிளம்புறார். கூடவே போன ரெக்கார்டிங் மெஷினோட எடை 315 பவுண்டு. அதாவது 140 கிலோவுக்கு மேல! அதுக்கப்புறம் ஹைத்தி, ஸ்பெயின், இத்தாலின்னு பயணம் நீண்டுக்கிட்டே போச்சு.

அமெரிக்காவுல அவங்க தேடிப் போன முக்கியமான இடம், சிறைச்சாலைகள். வெளியுலகத் தொடர்பு இல்லாததால கறுப்பின மக்களோட பழைய வேலைப் பாட்டுகள் அங்கே இன்னும் உயிரோட இருந்துச்சு. அந்தப் பாட்டுகள் வெறும் பொழுதுபோக்கு இல்லை. பல பேர் சேர்ந்து கோடரி வீசும்போது தாளம் தப்பினா அடுத்தவர் மேல விழும். எல்லாரும் ஒரே வேகத்துல வெட்டினா, மெதுவா வேலை செய்யறவர் தனியா மாட்டிக்கிட்டு தண்டனை வாங்கவும் மாட்டார். பாட்டுதான் பாதுகாப்பு.

1959ல மிசிசிப்பியோட பார்ச்மன் சிறையில அப்படி ஒரு பாட்டை லோமாக்ஸ் பதிவு பண்ணினார். பாட்டு ‘போ லாசரஸ்’. முன்னால நின்னு பாடினவர் ஜேம்ஸ் கார்ட்டர்.

2000ல வெளிவந்த ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ படத்துல அதே பதிவு இடம்பெற்றது. இசைத்தட்டு லட்சக்கணக்குல வித்துச்சு. 2002ல கிராமி விருதும் வாங்குச்சு. லோமாக்ஸ் காப்பகத்துக்காரங்க கார்ட்டரைத் தேடி, சிகாகோவுல கண்டுபிடிச்சு, 20,000 டாலர் காசோலையைக் கையில கொடுத்தாங்க. அவருக்கு அந்தப் பாட்டைப் பாடினதே ஞாபகம் இல்லை!

எல்லாக் கதையும் இப்படி முடியலை. சிறையில லோமாக்ஸ்கள் சந்திச்ச பாடகர் லெட் பெல்லி. அவரோட ‘குட்நைட் ஐரீன்’ 1950ல பெரிய ஹிட் ஆச்சு. அப்போ அவர் உயிரோட இல்லை. அந்தப் பாட்டோட உரிமையில ஜான் லோமாக்ஸ் பேரும் இருந்துச்சு. பதிவு பண்ணினவருக்குப் பாட்டுல பங்கு உண்டா? இந்த விவாதம் இன்னும் ஓயலை.

இப்போ 140 கிலோ மெஷின் நம்ம பாக்கெட்டுல இருக்கு. ஊர்த் திருவிழாவுல ஒரு பாட்டைப் பதிவு பண்றீங்களா? முதல்ல அனுமதி கேளுங்க. பாடினவர் பேர், ஊர், தேதி எழுதி வையுங்க. ஒரு காப்பியை அவருக்கே அனுப்புங்க. 40 வருஷம் கழிச்சு அந்தக் காசோலை சரியான கைக்குப் போய்ச் சேர்ந்ததுக்குக் காரணம், பதிவோட சேர்த்து எழுதி வெச்சிருந்த ஒரு பேருதான்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்!