வீதியில் மறிக்கப்படுவோனின் உரிமை
(கல்முனைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொலிஸார் கைகாட்டினால் வாகனத்தை நிறுத்துங்கள். நிறுத்தாமை குற்றமே; மறுப்பதற்கில்லை. ஆனால் அக்குற்றத்துக்குத் தண்டனை மரணமா?

2016 ஒக்டோபர் 20 நள்ளிரவில், யாழ்ப்பாணம் குளப்பிட்டியில் மோட்டார் சைக்கிளில் சென்ற பல்கலைக்கழக மாணவர் இருவர் மாண்டனர். விபத்தென்றே முதலிற் கூறினர். பிரேத பரிசோதனையோ துப்பாக்கிச் சூட்டைக் காட்டிற்று; பொலிஸார் ஐவர் கைதாயினர். மறித்தும் நிற்கவில்லை என்பதே பின்னர் சொல்லப்பட்ட நியாயம்! இது தமிழ் பேசுவோருக்கே நேரும் தீங்கென்று எண்ணவேண்டா. 2024 ஜனவரியில் குருநாகல் மாவட்டத்து நாரம்மலையில், நிறுத்தாது சென்ற லொறியைத் துரத்திய சிவில் உடைப் பொலிஸ் அதிகாரியின் துப்பாக்கிக்குச் சாரதி பலியானார்.

1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 23 ஆம் பிரிவு, தப்பியோட முயல்பவனைப் பிடிக்க நியாயமாகத் தேவைப்படும் வழிகளை அனுமதிக்கிறது. மரணதண்டனைக்குரிய குற்றம் சாட்டப்படாதவனைக் கொல்லும் உரிமையை அது எவருக்கும் தரவில்லை. தலைக்கவசமின்றி வந்தவன் அத்தகைய குற்றவாளியா?

நம் இளைஞரும் தண்டப்பணத்துக்கு அஞ்சி உயிரைப் பணயம் வைத்து ஓடுகின்றனர். இதை நாம் வீட்டிலேயே திருத்தவேண்டும்.

கைதானால் காரணத்தைக் கேளுங்கள். அரசியலமைப்பின் 13 ஆவது உறுப்புரை அதைச் சொல்லியே தீரவேண்டுமென்கிறது. வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையொப்பமிடாதீர்கள். உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் மனுச்செய்ய ஒரு மாதமே தவணை. அது கடந்தபின் என்னிடம் வருவோருக்கு நான் செய்யக்கூடியது மிகச் சொற்பம்.