சிகிச்சைக்குப் பின் வரும் கால் வீக்கம்



பெரிய நோய் ஒன்றிலிருந்து மீண்டவரைப் பார்த்து, "பிழைத்ததே பெரிது, இனி என்ன குறை?" என்று சொல்வது உலக வழக்கம். அன்பினால் சொல்லப்படும் சொல்தான். ஆயினும் அதைக் கேட்டவர், பிறகு தமக்கு நேரும் தொல்லைகளை வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறார். அவ்வாறு சொல்லப்படாமலே போகும் தொல்லைகளில் ஒன்றைப் பற்றி இன்று பேச எண்ணுகிறோம். புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் வரும் கால் வீக்கமே அது.

நாம் வைத்தியர் அல்லோம். டில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்பவர்கள். கலைப் பட்டம் பெற்றவர்களுக்கு உடற்கூற்று நூலில் எவ்வளவு பயிற்சி இருக்குமோ, அவ்வளவே நமக்கும் இருந்தது. இந்தப் பாடத்தை எங்கள் வீட்டிலேயே, சற்றுக் காலம் தாழ்த்திக் கற்க நேர்ந்தது. அந்தத் தாமதம் பிறருக்கு நேரக் கூடாது என்பதே இப்பேச்சின் நோக்கம்.

2019 ஆம் ஆண்டில் எம் துணைவியாருக்குக் கருப்பை வாயில் புற்றுநோய் கண்டது. அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன் பின் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். நோய் அடங்கிற்று. ஊரிலிருந்து வந்திருந்த மாமியாரும் திரும்பிப் போனார். வீடு பழைய நிலைக்கு வந்துவிட்டதென்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

ஓராண்டுக்கும் மேல் கழித்து, ஒரு நாள் மாலை, அவருடைய இடக்கால் மெட்டி விரலை இறுக்கியது. சோப்பு நுரை தடவி அதைக் கழற்றி, பீரோவில் வைத்துவிட்டார். காலையில் வீக்கம் வடிந்திருக்கும். மாலையில் மீண்டும் கனக்கும். சில வாரங்களில் காலையிலும் வடியவில்லை. புடவையின் கரையைச் சற்றுத் தாழ்த்திக் கட்டிக்கொண்டு, ஐந்து மாதம் ஒருவரிடமும் சொல்லாமல் இருந்தார்.

பின்னர் டில்லியின் குளிர்காலம் வந்தது. குதிகாலில் பித்தவெடிப்பு உண்டாயிற்று. ஒரு நள்ளிரவில் குளிர் நடுக்கத்தோடு கடுங்காய்ச்சல்; பாதம் முதல் முழங்கால் வரை சிவந்து, தொட்டால் நெருப்பாய்ச் சுட்டது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்து, நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. "வீக்கம் எப்போது தொடங்கியது?" என்று இளம் டாக்டர் ஒருவர் கேட்டார். அவர் எங்கள் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, "மெட்டியைக் கழற்றிய நாளிலிருந்து" என்றார். ஒரே வீட்டில் இருந்தும், அந்த விரல் வெறுமையாய் இருந்ததை நாம் ஐந்து மாதம் கவனிக்கவில்லை.

ஏன் மறைத்தார்? இரண்டு அச்சங்கள். நோய் திரும்பிவிட்டதோ என்பது ஒன்று. மற்றொன்று ஒரு சொல். அவர் பிறந்தது கும்பகோணத்துக்கு அருகில். யானைக்கால் என்ற சொல் எவ்வளவு கூர்மையாகக் குத்தும் என்பது அப்பக்கத்தாருக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அச்சொல்லைச் சொல்லி எள்ளியதை அவர் கேட்டு வளர்ந்தவர். டில்லியில் நம் மக்கள் நெருங்கி வாழும் குடியிருப்பில் அந்தப் பெயர் தம்மேல் விழுமோ என்று அஞ்சினார்.

இனி, இந்த வீக்கம் எதனால் வருகிறது என்பதைப் பார்ப்போம்.

காவிரிப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வயலுக்கு நீரைக் கொண்டுவர வாய்க்கால் வேண்டும். மிகுந்த நீர் வெளியேற வடிகால் வேண்டும். வடிகால் அடைபட்டால் பயிர் அழுகிவிடும். உடம்பிலும் இப்படியே. இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து திசுக்களுக்கு உணவூட்டும் நீரில் ஒரு பகுதியையும், அதனோடு புரதம், கிருமி முதலியவற்றையும் வாரிக்கொண்டு செல்லும் நுண்ணிய வடிகால்கள் உடம்பெங்கும் உள்ளன. அந்த நீரே நிணநீர். 1622 ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் காஸ்பரோ அசெல்லி, ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது பால் நிறத்தில் ஓடிய மெல்லிய குழாய்களைக் கண்டார். இந்த வடிகால்களைப் பற்றிய ஆராய்ச்சி ஐரோப்பாவில் சூடு பிடித்தது அதன் பிறகுதான்.

இந்தக் குழாய்களின் வழியில் ஆங்காங்கே சிறு கணுக்கள் உள்ளன. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அந்த நெறிதான் நிணநீர்க் கணு. கால்களின் நிணநீர் தொடை இடுக்கையும் அடிவயிற்றையும் கடந்து மேலேறி, கழுத்தின் அடியிலுள்ள பெரிய இரத்தக் குழாயில் கலக்கிறது. இரத்தத்தை இதயம் தள்ளுவதுபோல் இதைத் தள்ள மனிதருக்குத் தனி உறுப்பு இல்லை. குழாய்கள் தாமே சுருங்கி விரிவதாலும், தசைகள் அசைவதாலும், மூச்சு ஏறி இறங்குவதாலுமே அது நகர்கிறது.

புற்றுநோய் அணுக்கள் பரவுவதற்கும் இந்த வழி உதவுகிறது. ஆகையால் கருப்பை, கருப்பை வாய் முதலிய இடங்களில் நோய் கண்டால் அருகிலுள்ள கணுக்களை நீக்குகிறார்கள், அல்லது கதிர்வீச்சுக்கு உட்படுத்துகிறார்கள். உயிரைக் காக்கச் செய்யும் செயல் அது. அதில் குறை காண இடமில்லை. ஆனால் வடிகாலின் ஒரு பகுதி போய்விடுகிறது. சிலருக்கு எஞ்சிய குழாய்களே சுமையைத் தாங்கிக்கொள்கின்றன, சிலருக்குத் தாங்குவதில்லை. அவர்களுக்கு மாதங்கள் கழித்தோ, பல ஆண்டுகள் கழித்தோ, கால் கனத்து வீங்குகிறது. இதை ஆங்கிலத்தில் லிம்ஃபெடீமா என்பர். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் சிலருக்குக் கை வீங்குவதும் இதே காரணத்தால்தான்.

யானைக்கால் நோய் வேறு. அதில் கொசுக்கடியால் உடலுக்குள் புகும் ஒரு புழு நிணநீர்க் குழாய்களில் தங்கி அவற்றைக் கெடுக்கிறது. இதில் புழுவும் இல்லை, கொசுவும் இல்லை. அந்தப் புழுவுக்குரிய மாத்திரைகளால் இதற்குப் பயனும் இல்லை. இதையும் சொல்லிவிட வேண்டும்: யானைக்கால் உள்ளவரைத் தொடுவதாலும் எதுவும் ஒட்டிக்கொள்ளாது. அவருடைய காலும் இந்தக் காலும் வேண்டுவது அநேகமாக ஒரே விதமான பராமரிப்பைத்தான். எள்ளுவதற்கு இரண்டிலும் ஒன்றுமில்லை.

வீக்கம் கண்டவுடன் முதலில் செய்ய வேண்டியது, சிகிச்சை அளித்த டாக்டரிடம் காட்டுவது. இரத்தக் குழாயில் உறைகட்டி ஏற்பட்டாலும் கால் வீங்கும். இதயம், சிறுநீரகம் முதலியவற்றின் குறையாலும் வீங்கும். சில வேளைகளில் பழைய நோய் திரும்பியதாலும் வீங்கும். திடீரென்று ஒரு கால் வீங்கி வலித்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். நிணநீர் வீக்கத்தைக் கண்டறிய டாக்டர்கள் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. மெட்டி அணியும் இரண்டாம் விரலின் அடிப்பகுதியில் தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்ப்பார்கள். தோல் தடித்துத் தூக்க வராமல் போனால் அது இவ்வீக்கத்தின் அடையாளம். தூக்க வந்தால் மட்டும் நோய் இல்லையென்று முடிவு செய்துவிட மாட்டார்கள்.

இவ்வீக்கம் முற்றிலும் நீங்குவது அரிது. தொடக்கத்திலேயே கவனித்தால் அடக்கி வைக்கலாம். நாள் தள்ளிப் போட்டால், தேங்கிய நீர் இருந்த இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்ந்து கால் கெட்டிப்பட்டுவிடுகிறது. பிறகு குறைப்பது கடினம். செய்ய வேண்டியவை நான்கு.

முதலாவது தோலைக் காப்பது. நாள்தோறும் சோப்பும் நீரும் கொண்டு காலைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். சேற்றுப்புண் இருந்தால் அதற்குரிய மருந்து போட வேண்டும். தோல் வெடிக்காதபடி களிம்பு தடவ வேண்டும். நகத்தை நேராக வெட்ட வேண்டும். வீட்டுக்குள்ளும் செருப்பு நல்லது. எங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது ஒரு பித்தவெடிப்புத்தான் என்பதை மறக்க வேண்டாம். கால் சிவந்து, சூடேறி, காய்ச்சல் வந்தால், அன்றே கிருமிகளைக் கொல்லும் மருந்தைத் தொடங்க வேண்டும். அப்போது காலைப் பிடித்துவிடக் கூடாது.

இரண்டாவது, பயிற்சி பெற்றவர் கையால் தோலை மிக மென்மையாக நீவி, நிணநீரை வேறு வழிக்குத் திருப்புவது. எமில் வோடர் என்னும் டேனிஷ் நாட்டவர் 1930களில் வகுத்த முறை இது. பலமாகப் பிசைவதற்கும் இதற்கும் உறவில்லை.

மூன்றாவது அழுத்தம். இதுவே முக்கியமானது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கிரேப் பாண்டேஜ் இதற்கு ஏற்றதன்று. அதிகம் இழுபடாத தனிவகைத் துணியைப் பாதத்திலிருந்து மேல்நோக்கிப் பல அடுக்காகச் சுற்றுகிறார்கள். பாதத்தில் அழுத்தம் மிகுந்தும், மேலே போகப் போகக் குறைந்தும் இருக்க வேண்டும். வீக்கம் குறைந்த பின் அளவெடுத்து அழுத்தக் காலுறை தருவார்கள். காலையில் எழுந்தவுடன் அதை அணிந்து, இரவில் கழற்றலாம். நாளடைவில் அது தளர்ந்துவிடும். ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும். காலின் இரத்த ஓட்டத்திலோ இதயத்திலோ குறையுள்ளவர்கள் டாக்டர் சொல்லாமல் காலைக் கட்டக் கூடாது.

நான்காவது அசைவு. காலுறையை அணிந்தபடியே நடப்பது, கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, ஆழ்ந்து மூச்சு விடுவது ஆகியவை கூலி கேளாத பணியாட்கள். உடல் எடையைக் குறைப்பதும் பெரிய உதவி. சிறுநீர் பெருக்கும் மாத்திரையால் இவ்வீக்கத்துக்கு நிலையான பயன் இல்லை. குடிக்கும் நீரைக் குறைப்பதும் வீண்.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கென்று சில செய்திகள் உண்டு. ஊரிலிருந்து தொலைபேசியில் யோசனைகள் வரும். "நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேய், ஒத்தடம் கொடு" என்று மாமியார் சொன்னார். அன்புக்கு நன்றி சொல்லி, யோசனையை விட்டுவிட்டோம். மிகுந்த சூடு வீக்கத்தை ஏற்றும். மரத்த தோலில் சுட்டாலும் தெரியாது. வெயிற் காலத்தில் கோயிலின் கல்தரையில் வெறுங்காலோடு சுற்றுவதையும் இதே காரணத்தால் தவிர்க்க வேண்டும். தெய்வத்தின் முன் பருத்தி உறையோடு நிற்பதில் குற்றமில்லை.

ஆண்டுக்கொரு முறை ஊர் செல்லும் நீண்ட ரெயில் பயணம் இன்னொன்று. டில்லியிலிருந்து சென்னைக்கு ஒரு பகலும் ஒரு இரவுமாவது காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் கால் கனத்துவிடும். ஆகவே காலுறையைப் பயணம் முழுவதும் அணிய வேண்டும். மணிக்கொரு முறை எழுந்து நடக்க வேண்டும். படுக்கும்போது பாதத்தின் கீழ் ஒரு தலையணை வைக்கலாம். தரையில் சம்மணமிட்டு நெடுநேரம் உட்கார்ந்து பந்தியில் உண்பதையும், உறவினர் மனம் கோணாதபடி மறுத்துவிடலாம்.

எங்கு கற்பது என்று கேட்கலாம். பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரிகள் பலவற்றின் இயன்முறை மருத்துவப் பிரிவில் இவற்றைச் சொல்லித் தருகிறார்கள். தாமாகச் சொல்லாவிட்டால் நாம் கேட்க வேண்டும். மொழி தடையாக இருந்தால், மொழி தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். கேட்டதை வீட்டுக்கு வந்ததும் தமிழில் எழுதி, சுவரில் ஒட்டி வையுங்கள். பிறருக்காக எத்தனையோ சுற்றறிக்கைகளை மொழிபெயர்த்த நாம், எங்கள் வீட்டுச் சுவருக்காக மொழிபெயர்த்தது அந்த ஒரு தாளைத்தான்.

இப்போது எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு வேலை நடக்கிறது. துவைத்துக் காய்ந்த துணிப் பட்டைகளைச் சுருட்டுவது நம்முடைய பொறுப்பு. ஞாயிறுதோறும் காலையில், ஒரே நேரத்தில், ஒரே இடங்களில் அளவு நாடாவை வைத்து, கணுக்கால், கெண்டைக்கால், தொடை ஆகியவற்றின் சுற்றளவை நோட்டுப் புத்தகத்தில் மகள் எழுதுகிறாள். சில வாரம் குறைகிறது. சில வாரம் ஏறுகிறது. ஏறிய வாரத்தில் துணைவியாருக்கு மனம் சோர்வதும் உண்டு. மெட்டி இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. அதைப் பற்றி இப்போது வீட்டில் தாராளமாகப் பேசிக்கொள்கிறோம்.

கரோல் பாக்கிலும், மாதுங்காவிலும், வேறெங்கும் வாழும் நேயர்களே, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இத்தகைய சிகிச்சை முடித்தவர் ஒருவர் இருக்கக்கூடும். "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டால், "நன்றாக இருக்கிறது" என்றே பதில் வரும். அடுத்த முறை பார்க்கும்போது, "கால் கனக்கிறதா? செருப்பு இறுக்குகிறதா?" என்று கேளுங்கள். ஆம் என்று சொன்னால், அந்த வாரமே டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.