உதிர்ந்ததை எடுக்கும் கை
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலேசியைகள் ஆறு என்பதனை நம் இல்லங்கள் பலவற்றில் பாட்டிமார் ஒரு கதையாகவே கற்பித்து வந்துள்ளனர். பசியோடு காட்டுவழியே சென்ற அறுவர் கனிகள் நிறைந்த மரம் ஒன்றைக் கண்டனர். வேரோடு சாய்ப்போம் என்றான் முதல்வன். அடிமரத்தை வெட்டினால் போதும் என்றான் அடுத்தவன். பெருங்கிளை போதும், சிறுகிளை போதும் என மூன்றாமவனும் நான்காமவனும் கூறினர். கனிகளை மட்டும் பறிப்போம் என்றான் ஐந்தாமவன். ஆறாமவனோ, உதிர்ந்து தரையில் கிடப்பனவே நம் பசிக்குப் போதுமே என்றான். கருமையில் தொடங்கி வெண்மையில் முடியும் ஆறு நிறங்களை நேமிசந்திரரின் கோமட்டசாரமும் இம்மரத்தைக் கொண்டே விளக்குகிறது. அறுவரின் பசியும் ஒன்றுதான் என்பதைக் கதை கேட்கும் பிள்ளைகள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

கலைஞனுக்கும் ஒரு பசி உண்டு. மரச்சிற்பி மரத்தை எடுத்தாக வேண்டும். மரமோ ஓரறிவுயிர். புல்லும் மரனும் ஓரறிவின என்று தொல்காப்பியர் மரபியலில் வகுத்ததை நாம் பெருமையோடு எடுத்துரைக்கிறோம். அப்படியாயின் அழகிற்காக மரத்தின்மேல் கருவியை வைப்பவன் அந்த அறுவருள் எவன்? இவ்வினாவிற்கு விடை தேடுவோர் அறிந்துகொள்ளத்தக்க சிற்பி ஒருவர் வேல்ஸ் நாட்டில் வாழ்ந்து வருகிறார். அவர் சமணர் அல்லர். பெயர் டேவிட் நாஷ்.

1945ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் பிறந்தவர். கிங்ஸ்டன் கலைக்கல்லூரியில் பயின்றபின், 1967இல் வடவேல்ஸில் உள்ள பிளைனை ஃபெஸ்டினியோக் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். பலகைக்கல் சுரங்கங்களால் வாழ்ந்து, அவை நலிந்தபின் தானும் நலிந்த ஊர் அது. அங்கு வழிபாடு நின்றுபோன மெதடிஸ்ட் சபைக் கோயில் ஒன்றை வாங்கி அதனையே தம் பட்டறையாக்கிக் கொண்டார். இலண்டனின் கலை உலகில் இடம் தேடும் வயதில் மழையும் குளிரும் மிகுந்த மலையூரில் போய் அமர்ந்தமைக்கு, அங்கே குறைந்த செலவில் வாழலாம் என்பதும் ஒரு காரணம். துறவு என்று அதனைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. ஆயினும் தேவையைச் சுருக்கிக்கொண்டவனுக்கே தன் விருப்பப்படி தொழில் செய்யும் உரிமை கிட்டுகிறது என்பது பரிக்கிரக பரிமாணம் ஏற்ற இல்லறத்தார்க்குப் புதிய செய்தி அன்று.

நாஷ் கையாளும் மரங்கள் தாமாக விழுந்தவை. அல்லது புயலாலோ நோயாலோ முதுமையாலோ வெட்டியே தீரவேண்டிய நிலையை அடைந்தவை. 2012இல் இலண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் அவருடைய கண்காட்சி நடைபெற்றபோதும், அத்தோட்டத்தில் வாழ்நாள் முடிந்த மரங்களைக் கொண்டே அங்கேயே பட்டறை அமைத்துச் சிற்பங்கள் செய்தார். விழுந்த மரம் ஒன்று கிடைத்தால் அதன் அடிமரம், கிளை, கொம்பு என எதனையும் வீணாக்காமல் பல ஆக்கங்களாக மாற்றுவது அவர் முறை. பச்சை மரத்தைச் செதுக்கி உலரவிடுவார். உலரும்போது அது வெடிக்கும், முறுக்கிக்கொள்ளும். மற்றத் தச்சர்கள் குறையெனத் தள்ளும் அந்த வெடிப்பை மரம் செய்யும் பங்காக அவர் ஏற்றுக்கொள்கிறார்.

அவருடைய ஆக்கங்களுள் ஒன்றைச் சற்று விரித்துரைக்க வேண்டும். 1978இல் மைன்டூரோக் என்னும் ஊருக்கு அருகே வெட்டப்பட்ட முதிய ஓக் மரம் ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதிலிருந்து பல நூறு கிலோ எடையுள்ள பெரிய உருண்டை ஒன்றைச் செதுக்கினார். பட்டறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அருகில் ஓடிய மலையோடையில் உருட்டிவிட்டால் நீரே கீழே கொண்டுவந்து சேர்க்கும் என எண்ணினார். உருண்டை ஓர் அருவியின் கீழ்ச் சிக்கிக்கொண்டது. எடுக்க வழி தேடியவர், சில நாளில் மனம் மாறினார். அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். ‘மரப்பாறை’ எனப் பொருள்படும் பெயரையும் அதற்கு இட்டார்.

ஓடைநீர் அதன்மேல் வழிந்தது. குளிர்காலத்தில் பனி மூடியது. நாளடைவில் மரம் கறுத்துப் பாறைகளோடு பாறையாயிற்று. ஓக் மரத்தின் துவர்ப்புச் சத்தோடு இரும்பு கலந்தால் கருநிறம் பிறக்கும். நம் பக்கத்துச் சாயத் தொழிலில் கடுக்காயோடு இரும்புச் சத்தைக் கூட்டிக் கருமை எடுப்பதும் இதே வினைதான். பெருமழைக் காலங்களில் அது ஓடையில் சிறிது நகரும். பிறகு ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஒரு பாலத்தின் கீழ்ச் சிக்கியபோது அதனை விடுவித்து அப்பால் சேர்த்தது போன்ற சில வேளைகள் தவிர அவர் தலையிட்டதில்லை. போகுமிடமெல்லாம் சென்று படம் எடுத்தார், வரைந்தார். 2002இல் வெள்ளம் அதனை டுவிரிட் ஆற்றுக்குக் கொண்டுசேர்த்தது. கடலேற்றமும் வடிதலும் அதனைக் கழிமுகத்தில் அங்குமிங்கும் அலைத்தன. 2003இல் கண்ணுக்கு மறைந்தது. சில ஆண்டுகள் கழித்து மீண்டும் கழிமுக மணலில் காணப்பட்டு மீண்டும் மறைந்தது. அது தொலைந்துவிட்டதா என்று கேட்டோர்க்கு நாஷ் அளித்த விடை, தொலையவில்லை, அது எங்கே இருக்கிறதோ அங்கே இருக்கிறது என்பதாகும்.

இருபத்தைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த பொருளைப் பற்றி இவ்வாறு சொல்வது எளிதன்று. ‘என்னுடையது’ என்னும் எண்ணம் அங்கே எப்போது கழன்றது? செதுக்கி முடித்த நாளிலா, அருவியின் கீழ் விட்ட நாளிலா, கடல் கொண்ட நாளிலா? அநித்திய பாவனையை நாள்தோறும் ஓதுவோர்க்கும் இவ்வினா எளிதன்று.

செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்களையும் நம் முன்னோர் பாறையில் வடித்தனர். காலத்தை வென்று நிற்க வேண்டும் என்பதே அவர்தம் நோக்கம். அது வழிபாட்டின் கலை, நிலைத்தே ஆகவேண்டும். நாஷின் உருண்டை தேய்ந்து போவதற்கென்றே விடப்பட்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுதல் முறையன்று. ஆனால் அதே குன்றில் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உடல் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டும் உள்ளது. நிலைக்க வடித்த கையும், நிலையாததை நீத்த உள்ளமும் ஒரே பாறையில் அடுத்தடுத்து இருப்பதை அங்குச் செல்வோர் நின்று நோக்குதல் நன்று.

இதுவரை கூறியவற்றால் நாஷை ஆறாமவன் என்று முடிவுசெய்துவிட இயலாது. சமண நோக்கில் அவர்பால் தடைகள் உண்டு. அவற்றை மறைத்துப் புகழ்தல் அறமன்று. இயந்திர வாளால் மரத்தை அறுப்பவர் அவர். உயிர் நீங்கிய மரம் அசித்தம் என்றாலும் அதன் பொந்திலும் பட்டைக்கடியிலும் ஈரறிவு முதல் நாலறிவு வரையுள்ள உயிர்கள் குடியிருக்கும். மேலும், தம் சிற்பங்கள் பலவற்றை அவர் தீயிட்டு மேற்புறம் கரியாகும்வரை கருக்குகிறார். மரத்தோற்றம் மறைந்து வடிவம் மட்டும் கண்ணில் நிற்க வேண்டும் என்பதற்காக அவ்வாறு செய்கிறார். தீயும் உயிருடையது என்பது நம் கொள்கை. இல்லறத்தார் விலக்கவேண்டிய பதினைந்து தொழில்களுள் காடு வெட்டும் வனகருமமும் கரி சுடும் அங்காரகருமமும் எண்ணப்பட்டுள்ளன. பயனின்றி நிலத்தை அகழ்தலையும் தீ மூட்டலையும் மரம் வெட்டுதலையும் சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகம் அனர்த்ததண்டத்தில் சேர்க்கிறது. சிற்பம் பயனுள்ளதா, பயனற்றதா என்று வாதிடலாம். கரியாக்குதலைப் பொறுத்தவரை நம் நூல்கள் அவரை எளிதில் விடமாட்டா. ஆகவே அவரை ஐந்தாமவனுக்கும் ஆறாமவனுக்கும் இடையில் எங்கோ வைப்பதே நேர்மை. நம்முள் பெரும்பாலோர் அவ்விடத்திற்கும் இன்னும் வந்து சேரவில்லை.

அவர் உயிருள்ள மரங்களைக் கொண்டு செய்த ஆக்கமும் ஒன்று உண்டு. 1977இல், தம் குடும்பத்திற்குரிய சிறு காட்டுநிலத்தில், முப்பதடி குறுக்களவுள்ள வட்டமாக இருபத்திரண்டு ஆஷ் மரக்கன்றுகளை நட்டார். வல்லரசுகள் அணுகுண்டுகளோடு எதிரெதிரே நின்ற காலம் அது. பிரிட்டனில் வேலையின்மையும் பெருகியிருந்தது. எதிர்காலம் ஒன்று உண்டென்று நம்புவதற்காகவே, அடுத்த நூற்றாண்டில் உருவம் பெறும் சிற்பம் ஒன்றை அவர் தொடங்கினார். உயிர்வேலி அமைக்கும் உழவர் கையாளும் முறைப்படி, மரங்கள் வளர வளர அடியில் சிறிது வெட்டி வளைத்துக் கட்டினார். வெட்டிய இடத்தைப் பட்டை மூடி ஆற்றிக்கொள்ளும். முப்பது ஆண்டுகளில் இருபத்திரண்டு மரங்களும் ஒருபுறமாகச் சுழன்று வளைந்து, மேலே குவிமாடமாகக் கூடின. இங்கும் வெட்டும் வடு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மழலையை நடைபழக்குவது போல, ஆண்டுதோறும் உடனிருந்து செய்த வேலை அது.

பின்னர் நோய் வந்தது. ஆசியாவில் தோன்றி ஐரோப்பாவெங்கும் பரவிய பூஞ்சை ஒன்று ஆஷ் மரங்களை நுனியிலிருந்து உலர்த்திக் கொல்லத் தொடங்கியது. பிரிட்டனில் அது 2012இல் உறுதிசெய்யப்பட்டது. உள்நாட்டிலேயே விதை விழுந்து முளைக்கும் மரத்தின் நாற்றுகளை வெளிநாட்டிலிருந்து வாங்கி நட்டமையும் அந்நோய் வந்த வழிகளுள் ஒன்று. தேவைக்கு மேல் வாங்குவதன் விளைவு எங்கெங்கோ சென்று விடிகிறது. சில ஆண்டுகளில் நாஷின் குவிமாடமும் நோயுற்றது. நாற்பது ஆண்டுகள் வளர்த்த மரங்கள். அவற்றை வெட்டியெடுத்துத் தம் வழக்கப்படி சிற்பமாக்கி விற்றிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யாமல், அவை தம் போக்கில் சாகட்டும் என விட்டார். இதனைச் சல்லேகனையோடு ஒப்பிட்டுப் பேசுவது மிகை. மரம் நோன்பு ஏற்கவில்லை. விட்டுக்கொடுத்தவர் மனிதர்.

எழுபது வயதைக் கடந்த நிலையில் அவர் அக்குவிமாடத்தைச் சுற்றி ஓக் கன்றுகளை வட்டமாக நட்டார். ஓக் மெல்ல வளரும் மரம். முழு உருவம் கொள்ள நூறாண்டுக்கு மேலாகும். நடுவில் ஆஷ் மரங்கள் உலர்ந்து உதிர, வெளியில் அவை எழவேண்டும். பார்வையாளர் திரண்டு சென்று மண்ணை மிதித்துவிடக் கூடாதென்பதற்காக அவ்விடம் எங்குள்ளது எனப் பொதுமக்களுக்கு அறிவிக்கப்படுவதில்லை.