அன்றாட ஆங்கிலமும் மும்பைத் தமிழரும்

(தாராவியில் முதியோருக்கான மாலை நேர ஆங்கில வகுப்புகளை நடத்தும் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



மாதுங்கா நிலையத்தில் நிற்கும் எவருக்கும் 'ஃபாஸ்ட்' என்ற சொல்லுக்குப் பொருள் கூற வேண்டியதில்லை. அங்கு நில்லாமல் தாதரை நோக்கிப் பறந்துவிடும் மின்ரயில் அது. அதே மனிதர் சயான் மருத்துவமனையில் தம் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'ஃபாஸ்டிங்' என்று எழுதியிருப்பதைக் காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விரைந்து வரச் சொல்கிறார்கள் போலும் என்று எண்ணி, காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு ஓடினால் சோதனை வீணாகிறது. அன்றைய கூலியும் வீணாகிறது. உண்ணாதிருத்தல் என்ற மற்றொரு பொருளை அவருக்குச் சொல்லிக் கொடுப்பார் இல்லை. இத்தகைய இழப்புகளைத் தடுப்பதே நம் வகுப்புகளின் முதற் பணி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். மாதுங்காவில் குடியேறியோருள் பலர் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று அலுவலகங்களுக்குச் சென்றவர்கள். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் அங்கே தோன்றியது. பின்னர்ச் செம்பூரிலும் தமிழர் பெருகினர். ஒரு சாராருக்கு ஆங்கிலம் ஏணியாயிற்று. அரை மணி நேர நடைத் தொலைவில் வாழ்ந்த மற்றொரு சாராருக்கு அதுவே மதிலாக நின்றது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, அரசு அறிவிப்பில் மராத்தி என மூன்று மொழிகளோடு நாள்தோறும் பழகும் மக்களுக்கு மொழியறிவு இல்லை என்று கூறுவது பொருந்தாது. அவர்களுக்கு வாய்க்காதது முறையான பயிற்சியே.

அப்பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது? இக்கேள்வியை அறிஞர்கள் முன்பே ஆராய்ந்துள்ளனர். 1930-இல் ஆக்டன் என்பார் 850 சொற்களைக் கொண்ட அடிப்படை ஆங்கிலத்தை வகுத்தார். டாக்காவில் ஆசிரியப் பயிற்சித் துறையில் பணியாற்றி, வங்காள மாணவரின் இடர்ப்பாடுகளை நேரில் கண்ட மைக்கேல் வெஸ்ட், மிகுதியாக வழங்கும் ஏறத்தாழ 2,000 சொற்களின் பட்டியலை 1953-இல் வெளியிட்டார். நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் கற்றால் 850 சொற்களை 170 நாட்களில் முடித்துவிடலாம். ஆயினும் எண்ணிக்கை மட்டும் போதாது. ஆக்டனின் பட்டியலில் கலப்பை உண்டு, செம்மறியாடு உண்டு; 'அட்ரஸ்', 'டெபாசிட்' ஆகியவை இல்லை. ஆகவே நம் பட்டியலை நாமே தொகுத்தல் வேண்டும். அதற்கான நூலகம் மாணவரின் சட்டைப் பையிலேயே இருக்கிறது: மருத்துவமனைக் கேஸ் பேப்பர், மின்கட்டண பில், ரேஷன் அட்டை, வங்கிச் சீட்டு, பிள்ளையின் பள்ளி அறிவிப்பு. இவற்றில் காணும் சொற்களை முதலில் கற்பியுங்கள்.

அடுத்து, நம் தாய்மொழியால் நேரும் இரண்டு இடர்ப்பாடுகளைக் கூற விரும்புகிறேன். முதலாவது ஒலி. விழுங்கும் மாத்திரையும் 'பில்', பணம் செலுத்தும் கணக்கும் 'பில்' என்றே தமிழில் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் இவை வெவ்வேறு ஒலிகள். உதட்டின் முன் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துச் சொல்லச் செய்யுங்கள். மாத்திரையைச் சொல்லும்போது தாள் அசையும். கணக்கைச் சொல்லும்போது அவ்வளவாக அசையாது. இப்பாடத்திற்குக் கரும்பலகையும் வேண்டியதில்லை.

இரண்டாவது மரியாதை. 'உட்கார்', 'உட்காருங்கள்' என்னும் இரண்டிற்கும் உள்ள வேற்றுமையைத் தமிழில் ஒரு விகுதி காட்டிவிடுகிறது. ஆங்கில வினைச்சொல்லில் அவ்விகுதி இல்லை. எனவே சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் பேசும் பண்புள்ள மனிதர், தாம் அறியாமலே அதிகாரம் செய்பவர்போல் ஒலிக்கிறார். ஆங்கிலத்தில் பணிவு முழுத் தொடரில் அமைகிறது. ஆதலால் 'குட் யூ பிளீஸ் ரைட் இட் டவுன்?' போன்ற தொடர்களைப் பிரிக்காமல் முழுமையாகவே மனத்தில் பதியச் செய்தல் வேண்டும். இலக்கண விளக்கம் பின்னர் வரட்டும்.

செயலின் வாயிலாக மொழியைக் கற்பிக்கும் முயற்சி நம் நாட்டிலேயே நடந்துள்ளது. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரை மையமாகக் கொண்டு தென்னகப் பள்ளிகள் சிலவற்றில் நடத்திய திட்டத்தில், ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் போன்றவற்றைக் கொடுத்துச் சிறு சிக்கல்களைத் தீர்க்கச் செய்தனர். மாணவரின் கவனம் விடையில் இருந்தது. மொழி அதனூடே வளர்ந்தது. நாமும் இதைச் செய்யலாம். செம்பூரிலிருந்து ஹார்பர் வழித்தடத்தில் புறப்பட்டு ஒன்பது மணிக்குள் பணியிடம் சேர எந்த வண்டியைப் பிடிப்பது? 'ட்வைஸ் அ டே, ஆஃப்டர் ஃபுட்' என்ற மருந்தை எப்பொழுது உட்கொள்வது? இவையே நம் தேர்வு வினாக்களாக அமையட்டும்.

ஆங்கிலம் கற்றால் தமிழ் தேயுமோ என்று சிலர் அஞ்சுகின்றனர். மும்பை மாநகராட்சி தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. மகாராஷ்டிரம் 2000-ஆம் ஆண்டில் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலத்தைப் பாடமாக்கியது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்கு அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு வழிகோலுகிறது. ஆங்கிலத்திற்காகத் தமிழ்ப் பள்ளியை விட்டுவிட வேண்டியதில்லை. பெற்றோர் தாமே நாலு வாக்கியம் பேசக் கற்றால், அலுவலகந்தோறும் மொழிபெயர்ப்பாளராகச் செல்லும் சிறுமி அந்த நாளில் பள்ளியில் இருப்பாள்.

இறுதியாக ஒன்று. தாராவி மறுமேம்பாட்டுத் திட்டம் 2004 முதல் பேசப்பட்டு வருகிறது. வீடுவீடான கணக்கெடுப்பு 2024-இல் தொடங்கியது. 'சர்வே', 'எலிஜிபிள்', 'கட்-ஆஃப் டேட்' ஆகிய சொற்கள் இன்று குடிசை வாசலுக்கே வந்துவிட்டன. அவற்றுள் ஒரு சொல்லின் பொருள் ஒரு குடும்பத்தின் கூரையைத் தீர்மானிக்கக்கூடும். ஆகவே 'சைன் ஹியர்' என்பதைக் கற்பிக்கும் நாளிலேயே 'வாட் டஸ் திஸ் மீன்?' என்று கேட்கவும் கற்பியுங்கள். முன்னதை மட்டும் கற்றவர் கையெழுத்திடுவார். பின்னதையும் கற்றவர், எதில் கையெழுத்திடுகிறோம் என்பதை அறிந்துகொண்டே எழுதுகோலை எடுப்பார்.